தாமரைச்செல்வியின் அமைதி வாரம்

நெடுங்காட்டுத் தாமரைச்செல்வி அகிம்சைக்கு வந்து சேர்ந்தது புளிசாதத்தின் வழியாக.

காரைக்காலில் ஒரு கல்லூரியில் அவள் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த ஆண்டு கல்லூரி திறந்த புதிதில், ஒரு மதியம் கேண்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர் மேசையில் பட்டினச்சேரி அகரன் தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். அவளுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னான்.

"நெடுங்காட்டுல மேட்டூர் தொறந்தாத்தான் குளிப்பாங்களாம்டா. தண்ணி வந்து சேர்ற வரைக்கும் பக்கத்துல யாரும் உக்காராதீங்க."

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் வாய் நிறையச் சோறு இருந்தது. கைதான் சும்மா இருந்தது.

அகரனின் கன்னத்தில் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்தன. ஒரு விரல் நுனியில் கடுகுகூட ஒட்டியிருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

முதல்வர் தியாகராசன் காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்தவர், பெரிய கோபக்காரர் இல்லை. ஆனாலும் அடித்தவரை ஒரு செமஸ்டர் நிறுத்திவைப்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். அதே நேரத்தில் அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. மாணவர்கள் நடத்த வேண்டிய அமைதி வாரத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர்கூட முன்வரவில்லை. இரண்டு தொல்லைகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"அமைதி வாரத்த நீதாம்மா நடத்துற. முடியிற வரைக்கும் யாரையும் அடிக்கக் கூடாது. அடிக்க ஓங்கவும் கூடாது. ஓங்கினேன்னு தெரிஞ்சாலே போதும், பரீட்சை எழுத முடியாது."

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். பம்புசெட் வயலில் நடவு வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா அல்லி, "அடிக்காத அடிக்காதன்னு எத்தன தடவடி சொல்றது?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "பரீட்ச எழுத விடலன்னா என்கூட நடவுக்கு வந்துரு. அங்க எவ்வளவு வேணாலும் அடி. சேறு ஒண்ணும் சொல்லாது."

அடிக்காதே என்பதை அடிக்காமல் கற்றுத்தர முடியுமா என்பது யோசிக்க வேண்டிய கேள்விதான். அல்லிக்கு விடிந்தால் வயலுக்குப் போக வேண்டும்.

தாமரைச்செல்விக்குத் துணையாக வந்தவள் கமர் நிஷா. அத்தா ஷார்ஜாவில் இருக்கிறார். கோழி குறுக்கே வந்தால்கூடக் குரலை உயர்த்தாமல் ஒதுங்கிப்போகிற பெண். அவள் கோபத்தை ஜெயித்தவள் என்று பேராசிரியர்கள் மெச்சுவார்கள். வராத கோபத்தை எப்படி ஜெயிப்பது என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. அகிம்சையைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் கோபக்காரர்களுக்குத்தான் வருகிறது. அந்த வகையில் முதல்வரின் தேர்வு, அவர் அறியாமலேயே, சரியாக அமைந்துவிட்டது.

முதல் நாளே வம்பு. "வன்முறை வேண்டாம்" என்று எழுதிய அட்டையைக் கல்லூரி வேப்பமரத்தில் அறைந்துவைக்க, கட்டிட வேலைக்கு வந்தவர்களிடம் தாமரைச்செல்வி சுத்தியல் வாங்கி வந்தாள். இரண்டாவது ஆணி இறங்கும்போது பசுமை மன்றத்துச் செயலாளர் அஃப்ரித் ஓடி வந்தான்.

"அக்கா, மரத்துக்கு வலிக்காதா?"

"வலிக்குதுன்னு அது சொல்லிச்சா?"

"சொல்லாததுதானே அகிம்ச?"

சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது. கமர் நிஷா அதை மெதுவாக விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள். "பரீட்ச, பரீட்ச" என்று காதருகே ஓதினாள். அன்று முதல் அட்டைகளைச் சணல் கயிற்றில் கட்டினார்கள்.

மறுநாள் பேச்சுப்போட்டி. அரங்கில் ஒரே சலசலப்பு. தாமரைச்செல்வி மைக்கைப் பிடித்து, "அமைதியப் பத்திப் பேசுறாங்கல்ல, வாய மூடுங்கடா!" என்றாள். அரங்கம் உடனே அடங்கியது. அது அமைதியா, பயமா என்று பிரித்துச் சொல்வது கடினம். நடுவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

கடைசி நாளுக்குத்தான் அவள் உண்மையிலேயே யோசித்துத் திட்டம் போட்டிருந்தாள். முற்றத்தில் எல்லோரும் கூட வேண்டும். சிறிது நேரம் மௌனம். பிறகு, யாரோடு பேச்சுவார்த்தை இல்லையோ அவர்களுக்கு ஆளுக்கொரு மாம்பழம் கொடுக்க வேண்டும். பழம் கமர் நிஷாவின் மாமா கடையிலிருந்து வந்தது. மாங்கனித் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சியவை. நேரத்துக்கு முன்னால் எவனாவது தின்றுவிடுவான் என்று கூடைகளை முதல் மாடி வராந்தாவில் வைத்தார்கள். காவலுக்கு அஃப்ரித். சைகை காட்டியதும் அவனும் நண்பர்களும் படி வழியாக இறக்கிக் கொண்டுவர வேண்டும்.

திட்டத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஊர் காரைக்கால் என்பதை மட்டும் எல்லோரும் மறந்திருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் திருச்சியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நீதிபதி. நீளமாகப் பேசிவிட்டு, "எல்லாரும் கண்ண மூடி, முகத்த வானத்தப் பாத்துத் தூக்கி, மூச்ச உள்ள இழுங்க" என்றார்.

மாடியில் நின்ற அஃப்ரித் கீழே பார்த்தான். முற்றம் நிறைய ஆட்கள், அத்தனை முகங்களும் மேல்நோக்கி. அவன் பக்கத்தில் கூடை. அவன் வீடு திருவிழா ஊர்வலம் போகும் தெருவில் இருக்கிறது. சாமி வரும்போது மாடியிலிருந்து பழம் வீசுகிற அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து, சின்ன வயதிலிருந்தே வீசிப் பழகிய கை. அந்தக் கை அவனைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்யவில்லை.

முதல் பழம் விழுந்ததும் யாரோ, "மாம்பழம்டோய்!" என்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு அமைதி வாரம் இல்லை. கூடைகள் காலியாகும்வரை பழம் கொட்டியது. கீழே இருந்தவர்கள் முண்டினார்கள், எகிறினார்கள், ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறினார்கள். பேராசிரியைகள் முந்தானையை விரித்தார்கள். வீசப்பட்ட பழத்தைத் தரையில் விழ விடுவது இந்த ஊரில் யாராலும் ஆகாத காரியம். முதல்வர் தியாகராசன் மேடையிலிருந்து பாய்ந்து, நீதிபதியை விலாவில் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு ஒன்றைப் பிடித்தார்.

தாமரைச்செல்வி நடுவில் நின்று, "எறங்குங்கடா! நிறுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அப்போது பழத்துக்காக எகிறிய அகரன், அவள் கால்மேல் முழுப் பாரத்தோடு வந்து இறங்கினான். வலி உச்சிக்கு ஏறியது. அவள் கையை ஓங்கினாள். அகரன் கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கையை அவன் அறிவான்.

ஓங்கிய கையில் மேலிருந்து ஒரு மாம்பழம் வந்து பொத்தென்று உட்கார்ந்தது.

முதல்வர் அறையில் இருவரும் நின்றார்கள். நீதிபதி ஓரத்து நாற்காலியில் விலாவைப் பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இவன அடிக்கக் கைய ஓங்கினதா சொல்றாங்களேம்மா?" என்றார் முதல்வர்.

அகரன் முந்திக்கொண்டான். "இல்ல சார். அவங்க பழம் புடிக்கத்தான் தூக்குனாங்க."

முதல்வரின் முகத்தில் நிம்மதி பரவியது. தாமரைச்செல்வி பேசாமல் இருந்திருக்கலாம். பரீட்சை, அம்மா, சேறு எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது.

"இல்ல சார். அடிக்கத்தான் ஓங்குனேன். பழம் நடுவுல வந்துருச்சு."

"ஏய் லூசு!" என்றான் அகரன். "நான்தான் காப்பாத்துறேன்ல?"

"நீ ஒண்ணும் காப்பாத்த வேணாம்."

"பழம் வரலன்னா?" என்று கேட்டார் முதல்வர்.

"அடி விழுந்திருக்கும் சார்."

முதல்வர் பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நீதிபதி டீ கிளாஸை வைத்தார்.

"தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் சார். அடிக்க ஓங்குனதுக்கே பரீட்சை கிடையாதுன்னா, இடிச்சதுக்கு என்ன?"

அறையில் மாம்பழ வாசனை அடித்தது. அது முதல்வரின் மேசை இழுப்பறையிலிருந்து வந்தது.

"போயிப் பரீட்சைக்குப் படிம்மா" என்றார் தியாகராசன்.

அவள் மாறிவிட்டாள் என்று கமர் நிஷா சொல்கிறாள். இன்னும் ஒரு செமஸ்டர் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. அன்று உண்மையைச் சொன்னதைக்கூடப் பெரிதாகப் பாராட்ட முடியாது. வெளியே வந்ததும் அகரன் அதைத்தான் கேட்டான்.

"ஏன்டி போட்டு ஒடச்ச? நான் சொன்னதுக்குத் தலையாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"அப்பறம் உனக்கு நான் தேங்க்ஸ் சொல்லணும். அதுக்கு நடவுக்கே போயிரலாம்."

அவன் அவள் கையில் இருந்த பழத்தைப் பார்த்தான். "பாதியாச்சும் குடு. எனக்கு வர வேண்டிய அடிய அதுதான் வாங்கிச்சு."

"தரேன்" என்றாள் தாமரைச்செல்வி. "மேட்டூர் தண்ணி வந்து சேரட்டும். கழுவித் தரேன்."