சுவரில் விட்டுப்போன புள்ளி

சின்னாளபட்டி தாண்டியதும் பேருந்து பஞ்சர். தண்ணீர் கேட்டு, இன்னும் பூச்சு வேலை முடியாத ஒரு வீட்டுக்குள் நுழைகிறேன். கூடத்தின் மேற்குச் சுவர் முழுக்க வட்டவட்டமாகத் துளைகள். மலைக்காற்று அவற்றின் வழியே சன்னமாக ஊதுகிறது.

செம்பை நீட்டும் வீட்டுக்கார அம்மா சரசு, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். தான் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய துணியையே சுவரில் ஒட்டி, முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நின்ற இடமெல்லாம் கொத்தனாரைத் துளை போடச் சொன்னாராம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நடுவுல ஒண்ணு விட்டுப்போயிருக்கே?" என்கிறேன்.

பக்கத்தில் நிற்கும் கொத்தனாரின் முகம் மாறுகிறது. "துணியில இருந்தபடிதான் போட்டேன். இந்தா, இப்பவே போட்டுர்றேன்." டிரில்லிங் மிஷினை எடுத்துக்கொண்டு சுவரை நெருங்குகிறார்.

"வேணாண்ணே," என்கிறார் சரசு. "சாயத்துல ஒரு முடிச்சு அவுந்துபோச்சு, அம்புட்டுத்தான். அச்சுல அடிச்ச சேலையிலதான் ஒரு புள்ளியும் தப்பாது."

"வர்றவுக என் வேலையையில்ல கொறை சொல்லுவாக?"

சரசு பதில் சொல்வதற்குள் மேகம் விலகுகிறது. சாய்ந்த வெயில் துளைகளில் புகுந்து, கொத்தனாரின் சிமெண்ட் படிந்த சட்டை முழுக்கப் புள்ளி வைக்கிறது.

"செத்த நேரம் அப்படியே நில்லுங்கண்ணே," என்கிறார் சரசு, மெதுவாக.

கொத்தனார் குனிந்து தன் நெஞ்சைப் பார்க்கிறார். புள்ளி விழாத இடத்தை விரலால் தடவுகிறார். பிறகு போய், மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்.