முன்னறைப் பட்டியலில் கிறகோரி

யசிந்தாவால் ஓரிடத்தில் அமைதியாக இருக்க முடியாது. நாவாந்துறையிலிருந்து மானிப்பாய்க்கு வரும் பஸ்ஸில்கூட, இறங்க இரண்டு தரிப்பு இருக்கும்போதே எழுந்து நின்றுவிடுவாள். 1986இல் அவளுக்கு இருபத்தொன்பது வயது. இரத்ததானச் சங்கமொன்றின் முன்னறையில் வேலை.

அந்தப் பழைய வீட்டில் இரண்டு கம்பியூட்டர்கள். பின்னறையில் இருந்தது செபநாயகத்தின் பொறுப்பு. இரத்தம் கொடுப்பவர்களின் பெயர், வகை, முகவரி எல்லாம் அதன் பெரிய டிஸ்க்கில் இருந்தன. முற்றத்துக்கு மேலாக இழுத்த வயர் வழியாக யசிந்தாவின் கம்பியூட்டர் அவற்றை வாசிக்கும்.

ஆவணிக் காற்றில் ஒரு நாள் வயர் அறுந்தது. முக்கால் மணி நேரம் திரை வெறுமையாகக் கிடக்க, பிள்ளைக்கு இரத்தம் கேட்டு ஒரு தாய் அவள் முன்னால் நின்று கதறினாள். அன்றே யசிந்தா பட்டியல் முழுவதையும் தன் கம்பியூட்டரின் டிஸ்க்கில் பிரதி செய்துகொண்டாள். பிறகு பின்னறைப் பட்டியலை அவள் பார்க்கவேயில்லை.

"ரெண்டு இடத்திலை வைச்சால் ரெண்டு கதையெல்லோ சொல்லும்" என்றான் செபநாயகம்.

"உம்மடை வயர் ஒரு கதையும் சொல்லேல்லையே!"

மூன்று கிழமை கழித்து, வட்டுக்கோட்டை விவசாயி மார்க்கண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் மனைவி குணலட்சுமிக்கு மானிப்பாய் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருந்தது, இரத்தப்போக்கு நிற்கவில்லை.

"ஓ நெகட்டிவ் வேணுமாம் தங்கச்சி. கெதியாப் பாரும்!"

கணத்தில் பெயர் வந்தது. கிறகோரி, குருநகர்.

"ஆள் இருக்கிறார் அண்ணை!"

மார்க்கண்டு சைக்கிளில் பறந்தார். யசிந்தா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் தனியே திரும்பி வந்தார்.

"வீடு பூட்டிக் கிடக்குது. அந்த ஒழுங்கையிலை ஒரு சனமில்லை." படியிலேயே குந்திவிட்டார்.

யசிந்தா முற்றத்தைக் கடந்து ஓடினாள். செபநாயகம் பெயரைத் தட்டினான். கிறகோரி, மானிப்பாய், கோயிலடி.

கரையில் ஷெல் விழுந்தால் குருநகரில் ஒழுங்கைச் சனம் முழுவதும் சேர்ந்து இடம்பெயரும். யார் எங்கே போனார்கள் என்று ஞாயிறு பூசை முடியச் செபநாயகம் கேட்டெழுதி, திங்களன்று தன் டிஸ்க்கில் திருத்துவான். அந்தத் திருத்தம் யசிந்தாவின் டிஸ்க்குக்கு வரவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த மனிதரைக் கடற்கரையில் தேடவிட்டிருந்தாள். அதற்குள் குணலட்சுமியின் உடம்பிலிருந்து எவ்வளவு இரத்தம் போயிருக்கும்!

மார்க்கண்டு கோயிலடிக்கு ஓடிக் கூப்பிட, கிறகோரி சாரத்தை மடித்துக் கட்டியபடியே வந்தார். "இஞ்சை இருக்கிற என்னைத் தேடிக் குருநகருக்கோ போனியள்?"

பொழுதுபடும் நேரம் குணலட்சுமி கண் திறந்து, "பிள்ளை எங்கை?" என்று கேட்டாளாம். அதைக் கேட்ட பிறகுதான் யசிந்தா அழுதாள்.

மறுநாள் அவள் பின்னறை வாசலில் நின்றாள்.

"திருத்தம் உம்மடை டிஸ்க்கிலை மட்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் காலமை எனக்கு அதின்ரை பிரதி வேணும். வயர் அறுந்தால் அதையாவது பாக்கலாம்."

"பிளொப்பியிலை கொண்டுவாறன். தேத்தண்ணியும் கொண்டுவரட்டோ, மகாராணி?"

அடுத்த திங்கள் பிரதி வந்ததும் அவள் முதலில் கிறகோரியைத்தான் தேடினாள். முகவரி மீண்டும் குருநகர். சனம் வீடு திரும்பிவிட்டது.

யசிந்தா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "செபநாயகம், வேறை ஆர் இடம் மாறினது?"