அவுருக்கும்

இன்று காலை என் சுவரில் ஒரு விபத்து.

மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கிய பழைய படம் அது. செம்புத் தகட்டில் கீறித் தாளில் அச்சடித்த ஒரு வெள்ளைக்காரர். சட்டத்துக்குக் கண்ணாடி போடாமல் மாட்டியிருந்தேன். இதுவரை யாரும் வந்து பார்த்ததில்லை.

பால்காரம்மாதான் முதலில் பார்த்தாள்.

"யாரு சாமி இது, உங்க நைனாவா?"

"இல்லம்மா. யாருன்னு எனக்கே தெரியாது."

"பாவம், அவுருக்கும் யாரும் இல்ல போல கீது."

சொல்லிக்கொண்டே, மடியில் வைத்திருந்த திருவேற்காட்டுக் கோயில் குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டாள். பழைய தாள், சிவப்பு அப்படியே ஊறிவிட்டது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அந்த 'அவுருக்கும்' என்னையும் சேர்த்துத்தான் என்று உறைத்ததும், பால் பாத்திரத்தை நீட்டினேன்.

கறை எடுக்கத் தெரிந்த நண்பர்கள் தபால் கார்டு போடுங்கள். பூந்தமல்லிக்கு நேரில் வந்து பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. வருகிறவர்கள் காபிக்கு நாளையிலிருந்து கூடுதலாக அரைப்படி பால் சொல்லிவைத்திருக்கிறேன்.