பூமழைக்கு இடம் கேட்ட கைபேசி

மார்கழி விடியலில் பதிகம் பாடி வீதி சுற்றும் எங்கள் கோம்பை ஊர்க் குழுவுக்கென்று, பெங்களூரில் மென்பொருள் எழுதும் என் தங்கை மகன் ஒரு செயலி செய்து தந்திருந்தான். முதலில் அதில் பாடல் வரிகள் மட்டுமே இருந்தன. எவர் கைபேசியிலும் சட்டென்று திறக்கும். சென்ற மார்கழிக்கு முன் அதை மேம்படுத்துகிறேன் என்று கிளம்பினான். இப்போது திறந்தால் பூமழை பொழிகிறது, மணி ஆடுகிறது, தீபம் தானே சுற்றுகிறது. அதெல்லாம் முடிந்த பிறகு, யாரோ ஒரு பாடகர் பாடத் தொடங்குகிறார்.

எங்கள் குழுவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் உண்டு. அவருடைய கணவர் இருந்தவரை முதல் அடியை அவரே எடுப்பார். அவர் காலமான பின், கைபேசியில் இருந்த அவர் குரலைக் கேட்டுக் கேட்டே இந்த அம்மாள் பாடம் செய்துவந்தார். புதிய செயலியை இறக்கியபோது, இடமில்லை, எதையேனும் நீக்கு என்றது அவருடைய கைபேசி. கணவர் பாடிய பதிவுகளை நீக்கிவிட்டார்.

“சாமி பாட்டெல்லாம் கொரலோடயே அதுக்குள்ள இருக்குன்னாக. அவுக பாடுனதும் அதே பாட்டுத்தானண்ணே? அங்கன இருக்கும்னுல்ல நெனச்சேன்.”

அவ்வளவு இடம் கொடுத்தும் பூமழை பாதியில் உறைந்து நின்றது, கைபேசி கொதித்தது. தேனியில் பழுது பார்க்கும் கடைக்கு அழைத்துப் போனேன். போன பதிவுகளை மீட்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு வந்த மருமகனைப் பிடித்துக்கொண்டேன்.

“மெமரி இப்ப சல்லிசு மாமா. அதப் பாத்துப் பாத்து யாரு புரோகிராம் எழுதுறா? புது போன் வாங்கிக்கிறச் சொல்லுங்க.”

“யாருக்குச் சல்லிசு மாப்ள? ஒனக்கா, அந்தம்மாவுக்கா?”

“ஒங்க போன்ல நல்லாத்தான ஓடுது?”

“நீ வாங்கிக் குடுத்த போனு. அதுல ஓடாம பெறகு எதுல ஓடும்?”

ஒரு விருத்தத்தில் சீர் ஒன்று மிகுந்தாலும் ஓசை தட்டும். கங்கையும் பிறையும் பாம்பும் ஒரே அடிக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கும்படி பாடி வைத்தார்கள் அடியார்கள். அந்த நாலு அடியைக் காட்டுவதற்கு இவனுக்கு ஒரு கைபேசி முழுவதும் போதவில்லை! பிறர் வீட்டில் தங்கப் போகிறவன், அங்கிருக்கும் பெட்டியை வெளியே எடுத்துப் போடச் சொல்லிவிட்டா தன் பாயை விரிப்பான்? மலிவு என்று சொல்வதற்கு முன், செலவாகிற இடம் எவருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? இதைக்கூடக் கற்றுத் தராத படிப்பு என்ன படிப்பு?

அவனை நேரே அந்த அம்மாளின் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். உறைந்து நின்ற பூக்களைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது.

“பூ, மணி எல்லாத்தையும் எடுத்துர்றேன் அத்தே. பழையபடி சின்னதாயிரும்.”

“எடுத்துட்டா, அவுக பாட்டு திரும்பி வந்துருமாய்யா?”

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அந்த அம்மாளின் பக்கம் கையைக் காட்டினேன். அந்தக் கேள்வி அவனிடம் கேட்கப்பட்டது.