சூரியன் மேல் போட்ட பழி

பஸ் டிப்போவில் அவனுக்குப் பட்டப்பெயர் 'காரணம்'. நேரில் 'அண்ணே' என்று குழைவார்கள். முதுகு திரும்பியதும் "காரணம் போகுது பாரு" என்று சிரிப்பார்கள். டிரைவர் வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவன் தப்பு என்று ஒன்று செய்ததே கிடையாது. பத்தாவதில் கோட்டை விட்டதற்கு வாத்தியார் காரணம். தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றதற்குத் தம்பி பெண்டாட்டி காரணம். வெளியூரில் படிக்கிற மகள் லீவுக்குக்கூட வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு அவள் அம்மா வளர்த்த லட்சணம் காரணம்.

அந்த அம்மா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அட்டெண்டர். கல்யாணமான புதிதில் அவன் சொன்ன காரணங்களை எல்லாம் நம்பினாள். பிறகு கொஞ்ச காலம் பரிதாபப்பட்டாள். இப்போது அவன் "அது ஏன்னா..." என்று ஆரம்பித்தாலே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

அவன் பஸ் ஓட்டுகிற தடத்தில் ஒரு சாலை நூல் பிடித்தாற்போல மேற்கே போகிறது. செப்டம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் அங்கே நிழற்குடைத் தூணில் பஸ்ஸை உரசிவிட்டான். "கண்ணுக்கு நேரா வெயில் சார், ஒண்ணுமே தெரியல" என்றான். அன்றைக்கு அது நிஜம்தான். சூரியன் சாலையின் கோடியில், சரியாக நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியும் போனால் போகிறது என்று விட்டுவிட்டது. எவ்வளவு பழி போட்டாலும் எதிர்த்துப் பேசாத ஆள் ஒருவர் வானத்தில் இருக்கிறார் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

டிசம்பரில், அதே சாலையில், அதே சாயங்கால வேளையில், ஓரத்தில் ஹெல்மெட் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவை இடித்துத் தள்ளினான். அவளுக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஷெட்டுக்குத் திரும்புகிற காலி பஸ். கண்டக்டர் முந்தைய ஸ்டாப்பிலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் அவன் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் போனுமாக மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தான். அது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

போலீசிலும் கம்பெனியிலும் வாய் கூசாமல் பழைய காரணத்தையே சொன்னான். "வெயில் சார். போதாததுக்கு அந்தம்மா ரோட்டுக்குள்ளயே கடையைப் பரப்பியிருந்தாங்க." கம்பெனிக்கும் அது வசதியாகப் போயிற்று. வெயிலும் அந்த அம்மாவும்தான் குற்றவாளிகள் என்று விசாரணை முடிந்துவிட்டால், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு ஒரு காசு தர வேண்டாம். ஆனால் விசாரணை அதிகாரி கொஞ்சம் பிடிவாதக்காரர். அதே நேரத்தில், அதே இடத்தில், அதே பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றார்.

ஒத்திகை பார்க்க அவன் மட்டும் ஒரு சாயங்காலம் அங்கே போனான். சாலைக் கோடியில் சூரியனைக் காணோம். எங்கேயோ இடது பக்கம் தள்ளி, அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. வருஷம் முழுக்கச் சூரியன் ஆணி அடித்து மாட்டிய இடத்திலேயே இறங்கும் என்று நினைத்திருந்த ஞானி அவன். வீட்டுக்கு வந்து குதித்தான்.

"என்னடி அநியாயம் இது! சூரியன் இடம் மாறிப் போச்சு!"

"வருஷா வருஷம் மாறுறதுதானே? நம்ம அடுப்படி ஜன்னல்ல இந்த மாசத்துலதான் வெயில் விழும். நீங்க எப்ப அடுப்படிக்கு வந்தீங்க, பார்க்கறதுக்கு?"

"திரும்ப பழைய இடத்துக்கு வருமா, வராதா? அதைச் சொல்லு!"

"மார்ச் கடைசியில வந்துரும்" என்றாள் எரிச்சலோடு. சொன்ன வாயைப் பிற்பாடு எத்தனையோ தடவை நொந்துகொண்டாள்.

ஜனவரியில் விசாரணைக்கு நாள் குறித்ததும் அவனுக்கு முதுகுவலி வந்தது. டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்தது. பிப்ரவரியில் மாமியாரைச் சாகக் கிடக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தான். அவள் அம்மா அப்போது கல்லுக்குண்டாட்டம் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வாரம் தவறாமல் அந்தச் சாலைக்குப் போய்ச் சூரியனை வேவு பார்த்துவிட்டு வந்தான். ஃபிளாட்டைத் தாண்டிவிட்டது, தண்ணீர் டேங்க் பக்கம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் என்று வாயெல்லாம் பல்லாக வந்து சொல்வான். பெற்ற மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டால் விழிக்கிற மனுஷன், ஒரு பொய்யைக் காப்பாற்ற வானசாஸ்திரம் படித்தான். மனைவிக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஹெல்மெட் அம்மா புரண்டு படுக்க முடியாமல், மருமகளிடம் அரை வாளித் தண்ணீருக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இவள் வாசலோடு திரும்பிவிட்டாள். உள்ளே போய் என்னவென்று சொல்லிக்கொள்வது?

மார்ச் கடைசியில் அதிகாரிக்கு அவனே போன் போட்டு, தயார் என்றான். மனைவியையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனான். "அன்னிக்கு கண்ணெல்லாம் செவந்து போய் வந்தாருன்னு சொல்லு, போதும். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே."

பஸ் மேற்கே திரும்பியது. சூரியன் நேர் எதிரே, சாலை நடுவில், கண்ணாடி முழுக்க அடித்தது. அதிகாரி கையிலிருந்த ஃபைலை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

"நிஜமாவே ஒண்ணும் தெரியலியேப்பா!"

"நான்தான் சொன்னேனே சார்" என்று காரணம் இளித்தான். அந்த இளிப்பைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று.

பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னாரு?"

"அன்னிக்கு வெயில் இங்க இல்ல சார். அதோ, அந்த ஃபிளாட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு. இவர் கையில போன் இருந்துச்சு. என்கிட்டதான் பேசிட்டிருந்தாரு."

"பொய் சார்! கிறுக்கு பிடிச்சவ, உளர்றா!" என்று அவன் சீட்டை விட்டு எழுந்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"சட்டையில ஒரு பொத்தான் இல்லைன்னு திட்டிட்டிருந்தாரு சார். அந்தம்மா அலறினது எனக்கு நல்லா கேட்டுச்சு. அதுக்கப்புறமும் இவர் பொத்தானைப் பத்தித்தான் பேசிட்டிருந்தாரு."