ஆடி மாதத்துக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம்

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் நவம்பரில் வேலைக்காக வெளிநாடு போனார். அவரிடம் போக நான் மனைவி விசாவுக்கு விண்ணப்பித்தேன். 2009 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு தூதரகத்திலிருந்து ஒரு கடிதம். திருமணத்துக்குப் பிறகு நானும் கணவரும் ஒரே வீட்டில் வசித்ததற்குச் சான்று போதவில்லையாம். ஜூலை, ஆகஸ்டில் என் வங்கிக் கணக்கில் வேறு முகவரி இருக்கிறதாம். பத்து நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

முகவரி விஷயத்தில் தவறு என்னுடையதுதான். அது எங்களுக்குத் தலை ஆடி. புதுப்பெண் ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில் இருக்கவேண்டும் என்று அம்மா என்னை மாடம்பாக்கத்துக்கு அழைத்துப் போய்விட்டார். ஏடிஎம் கார்டு தபாலில் வரவேண்டியிருந்ததால், அந்த ஒரு மாதத்துக்காக வங்கியில் முகவரியை மாற்றிய அதிபுத்திசாலி நான். அந்த வழக்கத்தில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை, அழுதுகொண்டேதான் போனேன். ஆனால் அதை வைத்து யாரோ என் கல்யாணத்தையே சந்தேகப்பட்டபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே நாளில் எல்லாச் சான்றையும் திரட்டுவது என்று புதன்கிழமை கிளம்பினேன்.

காலை 8.15, சிட்லபாக்கம். நாங்கள் குடியிருப்பது மாடிப் போர்ஷன். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருப்பதால், நானும் கூட இருந்தேன் என்று கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் எழுதித் தரவேண்டும். ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், எதையும் யோசிக்காமல் எழுத மாட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நீ இங்கதான் இருந்தேன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களேம்மா?"

"எப்படித் தெரியும் அங்கிள்?"

"உங்க ரெண்டு பேர் சண்டை கீழ வரைக்கும் கேக்கும். ஆடி மாசம் மட்டும்தான் கேக்கல."

"அதையே எழுதுங்க. சண்டை போடவும் ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தாகணுமே."

எழுதினார். அலுவலகக் குறிப்பு மாதிரி ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, சண்டையை மூன்றாவதாக வைத்தார்.

9.10க்கு ஆட்டோ. ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மாடம்பாக்கம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். எண்பது கேட்டார், எழுபதுக்குப் படிந்தது. என் கையிலிருந்த கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். சொன்னேன்.

"இன்னாக்கா பேஜாரு இது! கல்யாணம் கட்டிகினு ஒரே வூட்ல இருந்ததுக்கு லெட்டரா? ஆடில எவன்க்கா பொண்டாட்டிய வூட்ல வெச்சிகினு இருப்பான்?"

இதை அந்த விசா அதிகாரியிடம் சொல்லத்தான் எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

9.35, அம்மா வீடு. ஆடியில் என்னை அழைத்துப் போனது தான்தான் என்று அம்மா நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். காரணத்தையும் எழுதப்போகிறேன் என்றதும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆடியில சேர்ந்தா சித்திரையில புள்ள பொறக்கும்னு வெள்ளைக்காரனுக்கு எழுதுவியா? வெக்கமா இல்லையாடி? டைபாய்டு வந்து எங்க வீட்ல இருந்தேன்னு எழுது. டாக்டர்கிட்ட சர்டிபிகேட் நான் வாங்கித் தர்றேன்."

"டைபாய்டு வந்திருந்தா அவர் என்னை அனுப்பியே இருக்க மாட்டார்ம்மா. பக்கத்துலயே உக்காந்திருப்பார்."

அம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஷேர் ஆட்டோவில் சேலையூர் வழியாகக் கிழக்குத் தாம்பரம், ஆளுக்கு எட்டு ரூபாய், இருபத்தைந்து நிமிடம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நோட்டரி வக்கீல். இருபது ரூபாய்ப் பத்திரம், டைப்பிங், முத்திரை எல்லாம் சேர்த்து இருநூறு. நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ரொம்ப பர்சனலா இருக்கேம்மா. குடும்பக் காரணம்னு போட்டா போதாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "போதாது சார். நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆவணி பொறந்த அன்னிக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இதுல என்ன தப்பு? உள்ளது உள்ளபடி அடிங்க."

அடித்தார்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்பதால் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைக்கிறோம் என்று ஒரு வரி. சேர்ந்து வாழாதவர்களுக்கு இந்த ஏற்பாடே தேவைப்படாது என்று அடுத்த வரி. இரண்டாவது வரி என்னுடையது, அதில் எனக்குக் கர்வம் உண்டு. 12.50க்கு எல்லாவற்றையும் கூரியரில் போட்டோம்.

இதே அலைச்சல் காத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வாடகை ஒப்பந்தத்தில் முதல் நாளே இரண்டு பெயரையும் போடுங்கள். கேஸ், டெலிபோன், வங்கி என்று ஏதாவது ஒன்றிலாவது மனைவி பெயரும் அந்த வீட்டு முகவரியும் இருக்கட்டும். ஒரு மாதத்துக்காக முகவரியை மாற்றாதீர்கள். நோட்டரியிடம் பதினோரு மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது.

இதை எழுதும் வரை பதில் வரவில்லை. டைபாய்டு என்றே எழுதியிருக்கலாமோ என்று கணவர் ஃபோனில் கேட்கிறார். பயமாக இருக்கிறது அவருக்கு. எனக்கும்தான். நிராகரித்தால் மறுபடி விண்ணப்பிப்பேன், அதே பத்திரத்தை வைத்து. அவரோடு வாழத்தான் போகிறேன், அதற்காக எங்கள் வாழ்க்கையைத் திருத்தி எழுத மாட்டேன்.