கண்ணாடி ஐயாவின் ஆறு மழைக்காலங்கள்

சொக்கநாதன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது 1949ஆம் ஆண்டு தை மாதம். ஹாலிஎல ஸ்டேஷனில் இறங்கியபோது அவரோடு மனைவி சௌந்தரம், ஒன்பது வயது மகள் மீனலோசனி, கைக்குழந்தையாக ஒரு மகன். தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்த நான்தான் அழைத்துவரப் போனேன். மற்றப் பெட்டிகளையெல்லாம் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, ஒரு மரப்பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டே லொறியில் வந்தார். அதற்குள் நுண்ணோக்கி இருந்தது.

“பர்மாவிலேர்ந்து நடந்து வந்தப்பவும் இதத்தான் இவரு தூக்குனாரு. பிள்ளைய நான் தூக்குனேன்” என்றார் சௌந்தரம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ரங்கூனில் தாவரவியல் படிப்பித்தவர் சொக்கநாதன். 1942இல் குண்டு விழத் தொடங்கியதும் மூவரும் காடு மலையெல்லாம் இருபத்தாறு நாள் நடந்து மணிப்பூருக்கு வந்து சேர்ந்தார்களாம். பிறகு திருச்சியில் சில வருடம் இருந்தார்கள். அங்கிருந்துதான் எங்கள் கம்பனி அவரைக் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வரவழைத்தது.

அந்தக் காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாக ஒரு பூஞ்சண நோய் பரவிக்கொண்டிருந்தது. அதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் காற்றில் வரும். எந்தக் காற்றில், எந்த உயரத்தில் வருகின்றன என்று கண்டுபிடிப்பதே அவருடைய வேலை. எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டுகளை மரங்களிலும் பாறைகளிலும் கட்டிவைப்பார். மறுநாள் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். நமுனுகுல மலையில் ஆடு ஏறாத இடத்துக்கும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுவார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் அவருக்குக் கண்ணாடி ஐயா என்று பெயர் வைத்தார்கள்.

1953இல் சௌந்தரத்தின் தகப்பனார் படுக்கையில் விழுந்தார். பிள்ளைகளோடு சௌந்தரம் திருச்சிக்குப் போனார். இரண்டு மாதத்தில் திரும்புவதாகத்தான் பேச்சு. ஆனால் குடும்பம் மீண்டும் இந்த நாட்டுக்கு வந்து தங்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. சொக்கநாதன் மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் ஒரே பதில். அவருடைய அனுமதியை மட்டும் கம்பனி வருடா வருடம் எழுதி வாங்கிக் கொடுத்தது.

“ஏன் ஐயா, நீங்களும் போகலாம்தானே?” என்று கேட்டேன்.

“இந்த மழை முடியட்டும், அம்பலவாணர். ஒரு மழைக்காலத்துக் கணக்குப் போதாது.”

அடுத்த வருடமும் அதையே சொன்னார். நான் பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். மேல்மலையிலிருந்த அவருடைய பங்களாவில் நான்கு அறை. மூன்றைப் பூட்டிவிட்டு, நுண்ணோக்கி இருந்த அறையிலேயே படுத்துக்கொண்டார். மகளுடைய பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு சோடி வாசலிலேயே கிடந்தது. அதை யாரும் எடுக்கக் கூடாது என்று சமையல்காரனுக்குச் சொல்லியிருந்தார்.

1957 மார்கழி. விடாத மழை. தனியாக மலைக்குப் போனவர் பாறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, ஒரு பகலும் இரவும் அங்கேயே கிடந்தார். மறுநாள் விறகு பொறுக்கப் போன பெரியாயிதான் கண்டாள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், புருஷனை இழந்தவள்.

“ஐயா! உசுரு இருக்குங்களா?”

“இருக்கு. பையில கண்ணாடி உடைஞ்சிருக்கா பாரு.”

“கண்ணாடி கெடக்கட்டும், சாமி” என்று திட்டிவிட்டு, தன் கம்பளியை அவர்மேல் போர்த்திவிட்டு, ஆட்களைக் கூட்டிவர ஓடினாள். ஆறு பேர் அந்தக் கம்பளியிலேயே வைத்துத் தூக்கி வந்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தார். மாலையில் பார்வையாளர் வரும் நேரத்தில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் சாப்பாட்டுக் கூடையோடு குடும்பம் உட்கார்ந்திருக்கும். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, பெரியாயி தேங்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். தாதி அவளை மறித்து, நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

“ஒறவு இல்லீங்க. எங்க தோட்டத்து ஐயா. யாருமில்லாம கெடக்காரு, பாவம்.”

ரொட்டியை வைத்துவிட்டு அவள் போன பிறகு, அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: “அம்பலவாணர், எனக்குச் சம்சாரமும் ரெண்டு பிள்ளைங்களும் இருக்காங்கன்னு பெரியாயிகிட்ட சொல்லுங்க.”

“அவவுக்குத் தெரியும் ஐயா.”

“இல்ல, சொல்லுங்க.”

அன்றைக்குத்தான் அவர் போக முடிவெடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த வித்துகளைப் பற்றிய அறிக்கையை முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. தடியூன்றியபடி, மலையடிவாரம் வரைதான் போக முடிந்தது. வெயிலில் அந்த வித்துகள் செத்துவிடும்; எத்தனை மணி நேரம் வெயில் அடித்தால் அந்த வாரம் மருந்து தெளிக்கத் தேவையில்லை என்று அவர் போட்ட அட்டவணையைத் தோட்டத்தை நடத்திய துரை ஆபீசுச் சுவரில் ஒட்டினார். மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்த ஆட்களுக்குப் பல நாள் அந்தச் சுமை இல்லாமல் போனது. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த மரியாதை. 1959 ஆவணியில் திருச்சிக்குப் போக ரயிலேறினார்.

1962இல் மீனலோசனியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

“அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில், அடுக்களைக்குள் ‘வரலாமா’ என்று கேட்காமல் ஒருநாளும் நுழைந்ததில்லை. தம்பி முதலில் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டான். அப்பா அதைத் திருத்தவில்லை. அம்மாவுக்கு அவர்மேல் கோபம் இல்லை; என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. நாங்கள் பழகி முடிப்பதற்குள் போய்விட்டார். அங்கே அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு பேசிக்கொண்டிருந்தார், எழுதுவீர்களா?”

பதினொரு பக்கம் எழுதினேன். மலை, கயிறு, பெரியாயி, ரொட்டி எல்லாம் எழுதினேன். யாரோடு பேசினார் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. கடைசியில் “என்னோடு” என்று எழுதிக் கடிதத்தை ஒட்டினேன். அந்தப் பங்களா என் குவாட்டர்ஸிலிருந்து ஒரு மைல்கூட இல்லை. நான் மாதத்தில் ஒரு தரம்தான் போனேன்.